திங்கட்கிழமை கத்திய பெட்டி

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகும் எங்கள் சர்வீஸ் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னை வைத்திருக்கிறார்கள். போன வாரம் அதில் ஒருவன் கேட்டிருந்தான்: "அக்கா, ரைட் ஃபில்டருக்கு எந்தெந்த ஃபோல்டரை எக்ஸ்க்ளூட் பண்ணணும்? லிஸ்ட் இருந்தா போடுங்க." அவனுக்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைப் படங்கள். எனக்கும், எனக்கும், எனக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. தலைவலிக்கு மாத்திரை கேட்பது போலக் கேட்கிறார்கள். லிஸ்ட் கிடையாது. இருந்தாலும் தரமாட்டேன். ஏன் என்று குழுவில் எழுதினால் ஒருவனும் படிக்கமாட்டான். நம் சங்க மலருக்கு எதையாவது எழுதித் தரும்படி செயலாளர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்த மலர் வீட்டுக்குப் போகும், வீட்டில் இருப்பவர்களும் புரட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எடை போடும் மெசின், ஐஸ் பிளான்ட், பெட்ரோல் பம்ப், ஆஸ்பத்திரிக் கருவி எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது எல்லாவற்றையும் நகம் அளவு கார்டில் வைத்துக்கொள்கிறது. அந்தக் கார்டை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதுவதற்குத்தான் அளவு உண்டு. ரப்பர் மரத்துப் பட்டை மாதிரி. விட்டுவிட்டு வெட்டினால் மரம் வருடக்கணக்கில் பால் கொடுக்கும். பேராசைப்பட்டுத் தினமும் வெட்டினால் பட்டை தீர்ந்து மரம் வறண்டுபோகும். கம்ப்யூட்டருக்கு அந்த அறிவு இல்லை. யாரும் கேட்காமலே நாள் முழுக்க எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும்.

அதைத் தடுக்க ரைட் ஃபில்டர், அதாவது எழுத்து வடிகட்டி, என்று ஒன்றை இடையில் நிறுத்துகிறோம். மெசின் எழுதுவதெல்லாம் தற்காலிக நினைவில் போய் விழும், கார்டு தொடப்படாமல் இருக்கும். கரண்டு போனால் எழுதியதெல்லாம் போய்விடும். மறுபடி போட்டால், நாம் ஃபில்டரைப் பூட்டிவிட்டு வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே மெசின் எழுந்து நிற்கும். ஆனால் போகவே கூடாத சில விஷயங்கள் உண்டு. அவற்றுக்கு மட்டும் ஒரு கதவைத் திறந்து கார்டு வரை போக விடுகிறோம். அதைத்தான் எக்ஸ்க்ளூஷன் என்கிறார்கள், நான் விலக்கு என்று எழுதுகிறேன். கதவை அகலமாகத் திறந்தால் கார்டு சாகும். திறக்காமல் விட்டால் மெசின் மறக்கும். இவ்வளவுதான். இதற்குள் என் உத்தியோகத்தில் பாதி போய்விட்டது.

நான் படித்தது நாகர்கோவிலில், டிப்ளமோ. பிறகு டி.வி. ரிப்பேர், யு.பி.எஸ். பாட்டரி தூக்கியது, ஒரு கம்ப்யூட்டர் கடை. அதையெல்லாம் எழுதி ஆகப்போவது ஒன்றும் இல்லை. கடைசியில் மெசின்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி மாட்டித் தரும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். அப்போது பெட்டிகளில் ஹார்ட் டிஸ்க்தான். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றிலும் அதிர்விலும் அவை செத்துக்கொண்டே இருந்தன. கார்டு வந்தபோது ஆபீசில் வடை வாங்கிச் சாப்பிட்டோம். வடை வாங்கின சூட்டோடு கார்டுகளும் சாகத் தொடங்கின.

எங்கள் மேனேஜர் தங்கராஜ் சார். ஒல்லியான மனிதர், குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் மேஜையில் ஒரு சுவிட்ச் பலகை இருக்கும், உடைந்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றியது. வெளியே போகிற எந்தப் பெட்டியும் முதலில் அந்தப் பலகையில் ஏற வேண்டும். நாம் எதிரில் நின்று விளக்க வேண்டும். அவர் சுவிட்ச் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்பார்.

"சார், இந்த ஃபைலுக்கு மட்டும் விலக்குக் குடுத்திருக்கேன், ஏன்னா..."

டப்.

"சொல்லு பிள்ளே, ஏன் நிறுத்திட்டே?"

"சார், மெசின் அணைஞ்சிட்டு."

"நான்தானே அணைச்சேன். நீ சொல்லி முடிக்கது வரைக்கும் கரண்டு காத்துக் கிடக்குமாக்கும்? போடு, இப்பம் அதுக்கு என்ன ஞாபகம் இருக்குன்னு பாப்போம்."

முதல் தடவை எனக்கு அழுகை வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. அதற்கும் பிறகு அந்த டப் சத்தம் வருவதற்குள் நானே வீட்டில் பத்து முறை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வரத் தொடங்கினேன்.

அவர் முறை இது. விலக்கு எழுதுவதற்கு முன்னால் பெட்டியை வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோய், ஃபில்டர் இல்லாமல், அங்கே இருக்கிற ஆட்கள் கையாலேயே ஒரு முழு நாள் ஓட விட வேண்டும். சாயங்காலம் எந்தெந்த ஃபைல் மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாறிய ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: "நாளைக்கு இது இல்லேன்னா யாரு அழுவா?" யாரும் அழமாட்டார்கள் என்றால் அது போகட்டும். யாராவது அழுவார்கள் என்றால் அதற்குக் கதவு. உள்ளே என்ன இருக்கிறதென்று பெயர் சொல்லத் தெரியாத ஃபோல்டருக்குக் கதவு திறக்கவே கூடாது. கடைசியில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஷட் டவுன் பண்ணிப் பார்ப்பதை அவர் சோதனை என்று ஒத்துக்கொள்ளமாட்டார். "கரண்டு போறவன் சொல்லிட்டா போறான்?" என்பார்.

கீரிப்பாறைக்குப் போகும் வழியில் ஒரு தனியார் ரப்பர் தோட்டம். பால் எடை போடும் ஷெட்டில் பெட்டி வைத்திருந்தார்கள். வைத்தவர்கள் வேறு ஆட்கள். மழைக்கு ஒரு கார்டு, வெயிலுக்கு ஒரு கார்டு என்று செத்துக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று புரோகிராம் இருக்கிற மொத்த ஃபோல்டருக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஃபில்டர் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். ஒரு நாள் அங்கேயே உட்கார்ந்தேன். தராசு அசையும்போதெல்லாம் புரோகிராம் ஒரு வரி எழுதுகிறது. வாளி வைக்காமலே எழுதுகிறது. ஏன் என்று பார்த்தால், எஸ்டேட் பஸ் ஷெட்டை ஒட்டி ஏற்றத்தில் திரும்பும்போது தரையே நடுங்குகிறது. தராசு அதையும் எடை என்று எண்ணிக் கார்டில் குத்திக்கொண்டிருந்தது.

ஷெட் மேஸ்திரி கேட்டார்: "அப்பம் இனி பஸ்ஸ நிறுத்தணுமா டீச்சர்?"

பை மாட்டிய பெண் என்றால் எங்கள் ஜில்லாவில் டீச்சர்தான். நான் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். பஸ்ஸை நிறுத்தவில்லை. பால் வாளியை வைத்து, எடை நின்று, மேஸ்திரி பொத்தானை அழுத்திய கடைசி எடை மட்டும் போகும் ஃபைலுக்கு விலக்கு. மற்றதெல்லாம் காற்றோடு போகட்டும் என்று விட்டேன். அந்தக் கார்டு நான் ஓய்வு பெறும்வரை ஓடியது.

அது சுலபமான கேஸ். சிரமமானது இராஜாக்கமங்கலம் பக்கத்து ஐஸ் பிளான்ட்.

சின்ன பிளான்ட், உள்ளூர்ப் படகுகளுக்கு ஐஸ் கொடுப்பது. அமோனியா கேஸ் வைத்துத்தான் குளிர வைக்கிறார்கள். அமோனியா கசிந்தால் கண்ணும் நெஞ்சும் எரியும், அடைத்த அறையில் மாட்டிக்கொண்டால் ஆள் பிழைப்பது கஷ்டம். அந்தப் பிளான்டில் ஐஸ் கட்டும் கூடத்திலிருந்து வெளியே வர கம்ப்ரசர் அறை வழியாக ஒரே வழி. பின்பக்கம் ஒரு கதவு உண்டு, அதை அடைத்துக் காலி டின்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப்புறம் குடியிருப்பு. கம்ப்ரசர் அறையில் கேஸை மோப்பம் பிடித்துக் கத்துகிற பெட்டி ஒன்று இருந்தது, வெளியூர்க் கம்பெனி வைத்தது. அவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போன பிறகு பராமரிப்பு எங்கள் தலையில் விழுந்தது.

பெட்டி கேஸ் இல்லாமலே கத்தியது. நாங்கள் போய் நல்ல காற்றில் வைத்து, இதுதான் கேஸ் இல்லாத காற்று என்று அளவைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வருவோம். சில நாள் ஒழுங்காக இருக்கும், மறுபடி கத்தும். எங்கள் ஆட்கள் மாறி மாறிப் போனார்கள். நானும் போயிருக்கிறேன். எல்லோரும் முறைப்படி பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தோம். ஒவ்வொரு தடவையும் பாஸ்.

கடைசித் தடவை போனபோது ஹாரன் வாயில் சாக்கைத் திணித்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"யாரு செஞ்சது இது?" என்று கத்தினேன்.

ஆப்பரேட்டர் மரியதாசன் முன்னால் வந்தான். என் தம்பி வயது இருக்கும். "நான்தான் டீச்சர். அது சும்மா சும்மா கத்துது. பிள்ளையெல்லாம் பேடிச்சு ஓடுது. கேஸ் வந்தா எனக்க மூக்குக்குத் தெரியாதா?"

"எத்தன வருசமா இதுக்குள்ள நிக்கே?"

"கல்யாணத்துக்கு முந்தியே."

"அப்பம் ஒனக்க மூக்கு செத்து வருசமாச்சு. கேஸ் தெரியும்போது நீ விழுந்து கெடப்பே."

அதற்குள் முதலாளி வந்தார். "மேடம், நீங்களும் வாறிய போறிய. அடுத்த திங்கள் இது கத்திச்சுன்னா பிடுங்கிக் கடல்ல எறிஞ்சிருவேன். பெட்டி இல்லாமதான் எங்க அப்பா காலத்துல ஐஸ் போட்டோம்."

"போட்டிய. யாரும் சாகல்லியா?"

அவர் கம்ப்ரசர் பக்கம் திரும்பிக்கொண்டார். மரியதாசன் சிலுவை போட்டுக்கொண்டான். எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பெட்டி கடலுக்குப் போனால், அடுத்த கசிவில் மரியதாசன் உள்ளே இருப்பான்.

அப்போதுதான் முதலாளி சொன்ன கிழமை என் காதில் ஏறியது. திங்கள்.

"லே மரியதாசா, எப்பமும் திங்கக்கிழமதானா கத்துது?"

"ஆமா டீச்சர், காலம்பற. நாங்க அதத் திங்கக்கிழம சீக்குன்னுதான் சொல்லுவோம்."

"ஞாயித்துக்கிழம என்ன நடக்கும் இங்க?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஞாயித்துக்கிழம யாரு கடலுக்குப் போவா? பூசைக்குப் போவோம். ஐசு வேண்டாம். சனிக்கிழம சாயங்காலம் மெயின எறக்கிட்டுப் போனா திங்கக்கிழம வந்து ஏத்துவேன்."

"மெயினயா? முழுசாவா?"

"பின்ன பாதியா எறக்கவா முடியும்?"

எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அந்தப் பிளான்டை ஞாயிற்றுக்கிழமை பார்த்ததில்லை. எங்களுக்கும் லீவு. நானும் கோவிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பேன். ஆனாலும் குழப்பம் தீரவில்லை. மெயின் இறங்கினால் என்ன, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்ததும் அதேதானே? தங்கராஜ் சாருக்கு போன் போட்டேன்.

"சார், பிளக்கப் பிடுங்கினா பாஸ் ஆவுது. திங்கக்கிழம மட்டும் மறந்துருது."

"பிடுங்கினப்பம் ஸ்கிரீன் அணைஞ்சுதா பிள்ளே?"

பெட்டியைப் பார்த்தேன். சற்று முன் நான் பிடுங்கிப் போட்ட பிளக் தரையில் கிடந்தது. ஸ்கிரீன் எரிந்துகொண்டிருந்தது.

"இல்ல சார்."

"பின்ன நீங்க எல்லாரும் போய் என்னத்தப் பிடுங்கினிய?"

பெட்டிக்குள் ஒரு சின்ன பாட்டரி. சில மணி நேரம் தாங்கும். சாதாரண கரண்டு கட்டுக்கு அது போதும். நாங்கள் பிளக்கைப் பிடுங்கி, ஸ்கிரீன் எரிவதைப் பார்த்து, அளவு அப்படியே இருக்கிறது என்று எழுதிவிட்டு வந்திருக்கிறோம். பெட்டி சாகவே இல்லை, பிறகு எப்படி மறக்கும்? ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெயின் இல்லாதபோது பாட்டரி வடிந்து உண்மையாகவே செத்திருக்கிறது. திங்கட்கிழமை எழுந்து, வெளியூர்க் கம்பெனி ஃபில்டரைப் பூட்டிய நாளின் அளவைத் தேடிப் போயிருக்கிறது. அந்த அளவு மோப்பம் பிடிக்கும் பழைய சென்சாருக்கானது. சென்சாரை மாற்றி வெகுநாள் ஆகிவிட்டது. புதுச் சென்சாருக்கு அந்த அளவில் நல்ல காற்றும் கேஸாகத் தெரியும்.

யோசித்தபோது இன்னொன்றும் பட்டது. இது இல்லாத கேஸுக்குக் கத்தியது. புதுச் சென்சார் மறுபக்கமாகக் கோணியிருந்தால், இருக்கிற கேஸுக்குக் கத்தாமல் இருந்திருக்கும். ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

பாட்டரி வயரைக் கழற்றினேன். ஸ்கிரீன் அணைந்தது. மறுபடி போட்டேன். சாக்கு திணித்த வாயோடு பெட்டி முனகியது. திங்கட்கிழமை சீக்கு என் கண்முன்னால் வந்து நின்றது. இவ்வளவு சந்தோஷமாக ஒரு பழுதை நான் பார்த்ததில்லை.

விலக்குகளைத் திறந்து பார்த்தேன். வெளியூர்க் கம்பெனி ஒரே ஒரு விலக்குக் கொடுத்திருந்தது, நொடிக்கு நொடி காற்றின் அளவை எழுதிக் குவிக்கும் ஃபைலுக்கு. அது இல்லாவிட்டால் யாரும் அழமாட்டார்கள். சென்சாரின் சரிசெய்த அளவுக்கு விலக்கே இல்லை. அது இல்லாவிட்டால் மரியதாசன் பெண்டாட்டி அழுவாள். சரியாகத் தலைகீழ். எங்கிருந்தோ ஒரு லிஸ்டைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள்.

அளவு ஃபைலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, அளவை மறுபடி சரிசெய்து, பாட்டரியைக் கழற்றிப் போட்டேன். மறுபடி கத்தியது. பெட்டியை எட்டி உதைக்கத் தோன்றியது. அதன் வேலையைக் கூடவே இருந்து பார்த்தேன். அந்தப் புரோகிராம் பழைய ஃபைலுக்குள் எழுதுவதில்லை. புது அளவை வேறொரு பெயரில் எழுதிவைத்து, பழைய ஃபைலை அழித்துவிட்டு, புதியதற்கு அந்தப் பெயரைச் சூட்டுகிறது. என் கதவு பழைய பெயருக்கு மட்டும் திறந்திருந்தது. புதியது கதவுக்கு வெளியே பிறந்து வெளியிலேயே நின்றுவிட்டது. எனவே ஒரு தனி ஃபோல்டர் உண்டாக்கி, அளவு ஃபைலை அங்கே மாற்றி, புரோகிராமுக்கு அந்த இடத்தைக் காட்டி, அந்த ஃபோல்டருக்கு விலக்குக் கொடுத்தேன். அதற்குள் என்னவெல்லாம் வரும் என்று பெயர் சொல்ல முடியும். நொடிக்கணக்கு எழுதுவதை ஃபில்டருக்குள் தள்ளினேன். கேஸ் எல்லை தாண்டினால் மட்டும் உடனே அந்த ஃபோல்டரில் ஒரு வரி. மறுபடி அளவைச் சரிசெய்து, பாட்டரியைக் கழற்றினேன், போட்டேன். பேசாமல் இருந்தது.

முதலாளி அதற்குள் ஒரு புத்தி சொன்னார். "இவ்வளவு எதுக்கு மேடம், பெட்டிக்கு மட்டும் தனி லைன் இழுத்தா தீந்துதே. மெயின் எறங்கினாலும் அது முழிச்சிருக்கும்."

"தனி லைன் கட்டாயம் இழுக்கணும். ஞாயித்துக்கிழம கேஸும் பூசைக்கா போவுது? குழாய்லதான கெடக்கு. ஆனா காத்தடிச்சு போஸ்ட் விழுந்தா ஒங்க தனி லைனும் போவும். அப்பமும் இது மறக்கப்பிடாது. அந்தப் பின்கதவுல இருக்க டின்னயெல்லாம் இன்னைக்கே எடுக்கணும். எடுக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"ஒங்களுக்கு யாரு மேடம் வேல குடுத்தது?" என்றார். ஆனால் டின்களை எடுக்க ஆள் கூப்பிட்டார். லைன் இழுக்கவும் எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லிவிட்டார், அவன் அடுத்த வாரம்தான் வருவேன் என்றான்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் நானும் போனேன். தனி லைன் இன்னும் வரவில்லை, அதனால் பெட்டி முழு ஞாயிறும் செத்துக் கிடந்திருக்கும். எனக்கு வேண்டியதும் அதுதான். பிளான்ட் ஆட்கள் கம்ப்ரசர் அறைக்குள் வராமல் வாசலில் நின்றார்கள். ஹாரனிலிருந்து நான் உருவிய சாக்கு ஒருவன் கையில். மரியதாசன் மெயினை ஏற்றினான். கம்ப்ரசர் உறுமியது. ஸ்கிரீன் எழுந்தது. எல்லோரும் ஹாரனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றும் இல்லை.

"அதுக்க நாக்கு போச்சா டீச்சர்?" என்றான் சாக்கு வைத்திருந்தவன்.

பையிலிருந்து அமோனியா நனைத்த பஞ்சை எடுத்துச் சென்சாரிடம் காட்டினேன். பெட்டி போட்ட கத்தலில் அவன் சாக்கைப் போட்டுவிட்டு மதில் வரைக்கும் ஓடினான். மற்றவர்கள் சிரித்த சிரிப்பு குடியிருப்பு வரை கேட்டிருக்கும். மரியதாசன் அந்தச் சாக்கை எடுத்து மடித்து, "இது இனி ஐசு மூடதுக்கு" என்றான்.

அதன்பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன் வராது. இனி வராது என்று உறுதியான பிறகுதான் டீ குடிப்பேன். அப்படியே ஓய்வும் பெற்றேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் மார்த்தாண்டத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போக வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். மரியதாசன் போன் பண்ணினான். மூச்சு வாங்கியது.

"டீச்சர், பெட்டி கத்திச்சு."

திங்கட்கிழமை. "எவன்லே அதுல கைய வச்சான்? எந்த மடையன் பாட்டரிய மாத்தினான்? தனி லைன அறுத்தியளா? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்..." பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏசாதிய டீச்சர். சொல்லுததக் கேளுங்க. இன்னைக்கு நெசமாட்டே கத்திச்சு."

கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் ஒரு வால்வு விட்டுப்போய் கேஸ் கசிந்திருக்கிறது. எல்லோரும் கூடத்துக்குள் ஐஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி கத்தியதும் ஒருவனும் சாக்கைத் தேடவில்லை. பின்கதவு வழியாகக் கடற்கரைக்கு ஓடினார்கள். மரியதாசன் குடியிருப்பில் கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் கூட்டிப்போயிருக்கிறான். தீயணைப்புக்காரர்கள் வந்து வால்வை மூடிவிட்டார்கள்.

"நீ எங்க நிக்கே இப்பம்?"

"கடப்பொறத்துல. எல்லாரும் இங்கதான் நிக்கோம். மொதலாளியும் நிக்காரு, கைலிய மாத்தக்கூட நேரமில்லாம." அவன் சிரித்தான். பின்னால் குழந்தைகள் சத்தம் கேட்டது.

நான் போனை வைத்துவிட்டுத் தங்கராஜ் சாரைக் கூப்பிட்டேன். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்காது. உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஐஸ் பிளான்ட் பெட்டி கத்தியது, திங்கட்கிழமை, உண்மையான கேஸ் என்று முழுதும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒன்றுதான் கேட்டார்.

"யாரு அழுதா பிள்ளே?"

"யாரும் அழல்ல சார்," என்றேன்.

மார்த்தாண்டம் பஸ் என்னை விட்டுவிட்டுப் போயிருந்தது. போகட்டும் என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.